சிறையிலிருந்து போன் வந்தால்

போனை எடுத்ததும் முதலில் கேட்பது கணவரின் குரலாக இருக்காது. இந்த அழைப்பு கவுண்டி சிறையிலிருந்து வருகிறது, இது பதிவு செய்யப்படும் என்று ஓர் இயந்திரக் குரல் சொல்லும். பிறகுதான் அவர் பேசுவார். பதற்றத்தில் நடந்ததையெல்லாம் கொட்டத் தொடங்குவார். அமெரிக்காவில் புரொபேஷன் மீறலுக்காகக் கைதானவரின் மனைவி அந்த நொடியில் செய்ய வேண்டியது, அவரைத் தடுப்பது.

அந்தப் பதிவை அரசு வக்கீல் கேட்கலாம், நீதிமன்றத்திலும் ஒலிக்கவிடலாம். மனைவியிடம் சொன்னது ரகசியம் என்ற வாதம் இங்கே பொதுவாக எடுபடாது. மருந்து கொடுத்தார்களா, தூங்கினாயா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்: பேசுவதற்கு இவை போதும். நடந்தது என்ன என்பது வக்கீலின் காதுக்கு மட்டும்.

சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே விடுவதுதான் புரொபேஷன். 1841-ல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி, குடிப்பழக்கத்தால் நீதிமன்றம் வந்த ஒருவரைத் தன் பொறுப்பில் அழைத்துப்போனார். கருணையில் பிறந்த அந்த ஏற்பாட்டில் இன்று சுமார் 30 லட்சம் பேர் இருக்கிறார்கள். அதிகாரியைக் குறித்த நாளில் பார்க்க வேண்டும், போதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அனுமதியின்றி ஊரைத் தாண்டக் கூடாது. புதுக் குற்றம் எதுவும் செய்யாமலே, இவற்றில் ஒன்று தவறினாலும் உள்ளே போக நேரலாம். ராப் பாடகர் மீக் மில்லுக்கு, 2008-ல் தண்டனை பெற்ற பழைய வழக்கின் புரொபேஷனை மீறியதாக 2017 நவம்பரில் 2 முதல் 4 ஆண்டுச் சிறை விதித்தார்கள். நியூயார்க் தெருவில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியதும் அதற்கான காரணங்களில் ஒன்று. மறு ஏப்ரலில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்.

மீறல் விசாரணையில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. பல இடங்களில் விசாரணை முடியும்வரை ஜாமீனும் கிடைப்பதில்லை. ஆனால் தன் தரப்பைச் சொல்லவும் சாட்சிகளைக் கொண்டுவரவும் கைதானவருக்கு உரிமை உண்டு. 1973-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. உள்ளே இருப்பவரால் ஒரு காகிதத்தைக்கூடத் தேடி எடுக்க முடியாது. ஆகவே அந்த உரிமைக்கு உயிர் கொடுப்பது வெளியே இருப்பவர்தான்.

முதலில், பழைய வழக்கை நடத்திய வக்கீலையோ அரசு தரும் இலவச வக்கீலையோ பிடிக்க வேண்டும். அடுத்து, தவறியதற்கான காரணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அன்று குழந்தையை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் மருத்துவமனைச் சீட்டு. வேலை நேரம் மாறியிருந்தால் முதலாளியின் கடிதம். போதை என்றால், சிகிச்சை மையத்தில் இடம் தயார் என்ற கடிதம். வெறும் வாக்குறுதியைவிட அதற்கு எடை அதிகம்.

பணம் கட்டாததுதான் காரணம் என்றால், 1983-ல் வந்த பேர்டன் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக முயன்றும் கட்ட முடியாதவரை, வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஏழைக் குடும்பத்தின் கையில் இதைவிட வலுவான ஆயுதம் இல்லை என்றே நினைக்கிறேன். வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாமே அப்போது சாட்சி.

புரொபேஷன் அதிகாரியிடம் அழுது கேட்டால் விட்டுவிடுவார் என்று தோன்றும். நீங்கள் சொல்வது அவருடைய அறிக்கைக்குள் போகலாம். வக்கீலைக் கேட்காமல் பேச வேண்டாம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர், நம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, மீறலை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடமும் கேட்டுவிடுவது அவசியம்.

வாய்தா அன்று நேரில் போய் உட்காருங்கள். நீதிபதி பழைய நிபந்தனைகளோடே விடலாம், இறுக்கலாம், காலத்தை நீட்டலாம், சிறைக்கும் அனுப்பலாம். விட்டால் எங்கே தங்குவார், பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவார் என்ற கேள்வி எழும்போது எழுந்து நின்று பதில் சொல்ல ஒருவர் வேண்டும். விடுதலைக்கு உத்தரவானாலும் உடனே கதவு திறக்காது. சில சிறைகளில் நள்ளிரவு தாண்டியும் வெளியே விடுவார்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், வண்டிக்கு ஏற்பாடு செய்து வையுங்கள்.