நாலு ஸ்க்ரூ, இரண்டு ராடு: ஒரு முதுகின் கணக்கு

முதுகில் அறுவை முடிந்து வீடு திரும்பியவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்பது, "பிளேட் வெச்சிருக்காங்களா?" என்றுதான். பெரும்பாலும் பிளேட் இல்லை, ஸ்க்ரூவும் ராடும். நடுவயதில் அதிகம் தேயும் இடங்களில் ஒன்று எல்4–எல்5, அதாவது கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள் சேரும் இடம். அந்த ஓர் அடுக்கை மட்டும் இணைத்தவரின் கணக்கு இது.

வைத்த சரக்கு

ஸ்க்ரூ 4: வழக்கமாக 6.5 மி.மீ. தடிமன், 45 மி.மீ. நீளம்.
ராடு 2: 5.5 மி.மீ. தடிமன். 5 செ.மீ. நீளம் என்று கொண்டால் ஒன்று சுமார் 5.3 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல்.
உலோகம்: டைட்டானியம் 90, அலுமினியம் 6, வனேடியம் 4 சதவீதம். எம்.ஆர்.ஐ. காந்தம் இதை இழுக்காது. படம் மட்டும் உலோகத்தைச் சுற்றி மங்கும்.

கழிந்தது

கீழ்முதுகின் 5 இணைப்புகள் முன்னும் பின்னும் வளையும் கோணம், மேலிருந்து கீழாக, சராசரியாக 12, 14, 15, 16, 17 டிகிரி. மொத்தம் 74. எல்4–எல்5 போனால் கழிவது 16, இருப்பு 58. குனியும்போது இடுப்பு மூட்டும் சேர்ந்து வளைவதால், செருப்பு வார் மாட்டும்போது பலருக்கு இந்தக் குறை தெரிவதே இல்லை.

தவணை

எலும்பு ஒட்ட 6 முதல் 12 மாதம். 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற அறுவை மருத்துவர்கள் உலோகம் இல்லாமலே முதுகெலும்பை இணைத்தார்கள். கடைசியில் பிடிப்பது எலும்புதான்; கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சென்ட்ரிங் முட்டுதான் ராடு. பெரும்பாலும் பிறகு கழற்றுவதில்லை, அவ்வளவே வித்தியாசம். எலும்பு ஒட்டாவிட்டால் அசைந்து அசைந்து ஸ்க்ரூ தளரும், அல்லது ராடு முறியும். புகைப்பவருக்கு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

வட்டி

அசையாத அடுக்கின் வேலை பக்கத்து டிஸ்க்குகளின் தலையில் விழுகிறது. கீழ்முதுகை இணைத்துக்கொண்ட 215 பேரைப் பற்றி 2004இல் வந்த அமெரிக்க ஆய்வின் மதிப்பீடு: பக்கத்து அடுக்கில் மறு அறுவை 5 ஆண்டில் 16.5 சதவீதம், 10 ஆண்டில் 36.1 சதவீதம். 45 வயதில் ஸ்க்ரூ வைத்தவருக்கு இந்த 10 ஆண்டு, வேலையில் இருக்கும்போதே வந்துவிடும்.

அன்றாடச் செலவு

ஜெர்மனியின் உல்ம் நகரில், அறுவை ஏதும் செய்யாத 45 வயது, 70 கிலோ மனிதரின் எல்4–எல்5 டிஸ்க்கில் சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். மெகா பாஸ்கலில்:

மல்லாந்து படுக்க: 0.1
நிற்க: 0.5
நின்றபடி குனிய: 1.1
20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடிக்க: 1.1
அதை முழங்கால் மடக்கித் தூக்க: 1.7
முதுகை வளைத்துத் தூக்க: 2.3

கார் டயரின் காற்றழுத்தம் சுமார் 0.22தான். அதைப்போல் பத்து மடங்கு, ஒரு தூக்கலில்.

அந்த 20 கிலோ நமக்குப் பழக்கமான எடை: வாசலில் இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன். பிளாஸ்டிக் எடை தனி. கழுத்தைப் பிடித்து, குனிந்து, ஒரே இழுப்பில் டிஸ்பென்சர் மேல் கவிழ்க்கிறோம். இணைத்த அடுக்கை ஸ்க்ரூ காக்கும். மேலே இருக்கும் எல்3–எல்4க்கு ஸ்க்ரூ இல்லை. கேனைத் தரையிலேயே வைத்து, வாயில் ஒரு கை பம்ப் மாட்டிவிடுங்கள்.