சாண் நீள ஆன்டெனா

சிங்கப்பூரில் தொலைக்காட்சி பார்க்கச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உரிமக் கட்டணம் 2011இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வசந்தம், சுரியா, சேனல் 5, சேனல் 8, சிஎன்ஏ எல்லாம் காற்றில் இலவசமாக வருகின்றன. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனதால், டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கு ஏற்ற தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஒரு செட்-டாப் பாக்ஸ். அதோடு ஓர் ஆன்டெனா. இந்த ஆன்டெனாவை வாங்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இருபது வெள்ளிக்கும் கிடைக்கிறது, அதைப்போல நாலைந்து மடங்கு விலையிலும் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் '4கே ஆன்டெனா', '250 மைல் தூரம்', '35 டெசிபல்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மூன்றையும் நம்ப வேண்டாம்.

முதலில் 4கே. ஆன்டெனா என்பது, வானலை தொட்டுச் செல்லும்போது தனக்குள் மிக நுண்ணிய மின்னோட்டம் எழும்படி அமைந்த உலோகத் துண்டு, அவ்வளவுதான். அந்த அலை சுமந்து வருவது 4கே படமா, பழைய கறுப்பு வெள்ளைப் படமா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பிரித்துப் பார்ப்பது பெட்டிக்குள் இருக்கும் ட்யூனரின் வேலை.

அடுத்து 250 மைல், அதாவது 400 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியோ வளைந்து கிடக்கிறது. 300 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை பத்தாவது மாடி வீட்டுக்கு எட்ட வேண்டுமென்றால், இடையில் எந்தத் தடையும் இல்லாத நிலையிலும் 100 கிலோமீட்டருக்குள் அந்த வீடு இருக்க வேண்டும். தவிர, கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான் நீளம் என்கிற தீவில், புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரத்தை வைத்துக்கொண்டு, 400 கிலோமீட்டர் ஆன்டெனாவால் என்ன செய்யப் போகிறோம்?

35 டெசிபல் கொஞ்சம் நுணுக்கமான ஏமாற்று. அது உலோகத் துண்டின் திறன் அல்ல. உள்ளே ஒட்டவைத்த பெருக்கியின் திறன். பெருக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்தால் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து உரக்கக் கேட்பதைப்போல, அலையோடு வந்த மின் இரைச்சலையும் அது பெருக்கிவிடும். தன் பங்குக்குச் சொந்த இரைச்சலையும் சேர்க்கும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் அலையின் வலிமை தாங்காமல் ட்யூனர் திணறி, இருக்கிற சேனலும் போய்விடலாம். நீண்ட கேபிள் இழுப்பவர்களுக்கும், ஒரே ஆன்டெனாவிலிருந்து மூன்று நான்கு பெட்டிகளுக்குப் பிரிப்பவர்களுக்கும்தான் பெரும்பாலும் பெருக்கி தேவைப்படும். மூன்று மீட்டர் நல்ல கோ-ஆக்சியல் கேபிளில் இழப்பு அரை டெசிபல் அளவுதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நீளத்தை. 1880களின் பிற்பகுதியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் கார்ல்ஸ்ரூஹேயில் வானலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டினார். அப்போது அவர் பயன்படுத்திய இரட்டைக் கம்பி அமைப்பின் வழித்தோன்றல்தான் இன்றைய வீட்டு ஆன்டெனாவும். இருமுனை ஆன்டெனா என்பார்கள். அதன் மொத்த நீளம் அலைநீளத்தில் பாதியாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். தொலைக்காட்சிக்கான யுஎச்எஃப் அலைவரிசையில் 550 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் சுமார் 55 சென்டிமீட்டர்; பாதி 27. ஒரு சாணுக்குச் சற்று மேல். விலை உயர்ந்த தட்டை ஆன்டெனாவைப் பிரித்துப் பார்த்தாலும் பிளாஸ்டிக்குக்குள் ஏறக்குறைய இந்த அளவில் வெட்டிய உலோகத் தாளைத்தான் காண்பீர்கள்.

இனி வருவது கடைக்காரர் சொல்லாத விஷயம். வீட்டுக்குள் அலை ஒரே வழியாக வருவதில்லை. எதிர் புளோக்கில் பட்டு, இரும்புக் கதவில் பட்டு, குளிர்பதனப் பெட்டியில் பட்டுப் பல வழிகளில் வருகிறது. இவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். வலுவான இடத்துக்கும் செத்த இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்குக்கூடக் குறைவாக இருக்கலாம். நம் கணக்கில் அது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவாக நகர்த்தினாலே படம் வந்துவிடலாம்! அனலாக் காலத்தில் இந்த எதிரொலி அலைகள் திரையில் நிழலுருவமாகத் தெரிந்து மானத்தை வாங்கின. டிவிபி-டி2 தகவலை ஆயிரக்கணக்கான மெல்லிய துணை அலைகளில் பங்கிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு அனுப்புவதால் எதிரொலி பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் அலை ஓர் எல்லைக்குக் கீழே பலவீனமானால் படம் மங்காது, கட்டங்கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். 'சுமாராகத் தெரிகிறது' என்ற நிலையே இப்போது இல்லை.

ஆகவே ஆன்டெனாவைச் சொருகி வைக்க மிக மோசமான இடம் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கான்கிரீட் சுவர், உள்ளிருக்கும் கம்பிகளோடு சேர்ந்து பத்து டெசிபலை எளிதாக விழுங்கும். பத்து டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. சன்னலருகே வையுங்கள். கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுத் தாள் ஒட்டியிருந்தால் அந்தச் சன்னல் சுவருக்குச் சமம்; வேறு சன்னலைப் பாருங்கள். எல்இடி விளக்குகள், மலிவான சார்ஜர்கள் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் இருக்கும் அலைத் தரத்தைக் கவனியுங்கள். அலை வலிமையைவிடத் தரம்தான் முக்கியம். உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் வடக்கே திருப்பினால் ஜோகூரிலிருந்து மலேசிய சேனல்களும் கிடைக்க வாய்ப்புண்டு.

வானொலிக்கு இந்தச் சாண் ஆன்டெனா உதவாது. ஒலி 96.8இன் அலைநீளம் ஏறக்குறைய 3.1 மீட்டர். கம்பியில் மின்னோட்டம் சற்று மெதுவாகச் செல்வதையும் கணக்கில் சேர்த்தால் இருபுறமும் 74 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். சிம் லிம் டவர் கடைகளில் கம்பியும் கேபிளும் வாங்கினால் நீங்களே செய்துவிடலாம். கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டோடும், வெளிப்பின்னலை மறு துண்டோடும் இணைத்து, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் திரைச்சீலைக் கம்பத்துக்கு மேலே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. திரைச்சீலைக் கம்பம் இரும்பாக இருந்தால் அதைத் தொடாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒலிப்பெட்டியோடு வந்த ஒற்றை வால் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதை நீட்டிப் பார்க்கட்டும். பாதிப் பேருக்கு அதிலேயே இரைச்சல் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

என் தீர்ப்பு: மின்சாரம் கேட்காத, கேபிள் குறைந்தது மூன்று மீட்டர் உள்ள மலிவான தொலைக்காட்சி ஆன்டெனாவை முதலில் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் எல்லாச் சன்னல்களிலும் வைத்துப் பார்த்த பிறகும் வசந்தம் வரவில்லை என்றால் மட்டுமே பெருக்கி வைத்ததைப் பற்றி யோசிக்கலாம்.