சிறு விமானத்துக்கும் ஒரு குரல் வேண்டும்!

சுவா வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஆகாய விமானம் புதுமையன்று. 1998-ஆம் ஆண்டு செப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறக்கப்பட்ட நாள் முதல், செம்பனை மரங்களுக்கு மேலே இரவும் பகலும் விமானங்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை, "அப்பா, அது எங்கே போகுதுன்னு கீழே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

"ரேடார் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிடுவோம். அந்தப் பதில் போதாது என்பதை 2014 மார்ச் 8-ஆம் நாள் காட்டியது. அன்று நள்ளிரவு கடந்ததும் இதே செப்பாங்கிலிருந்து 239 பேருடன் கிளம்பிய எம்.எச். 370 விமானம், ஒரு மணி நேரத்திற்குள் தரைக் கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்து மறைந்தது. தன் அடையாளத்தைத் தானே சொல்லும் 'டிரான்ஸ்பாண்டர்' என்ற கருவி பேசுவது நின்றதே காரணம். அதன் பிறகுதான் உலக நாடுகள் விழித்துக்கொண்டன. பெரிய பயணி விமானங்கள் கடலின் மேல் பறக்கையில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இருப்பிடம் தெரிய வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் நடப்புக்கு வந்தது.

ஆனால் இரண்டு பேர், நான்கு பேர் செல்லும் சிறு விமானங்களின் நிலை என்ன? அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் கோடீசுவரர்கள் அல்லர். பழைய விமானத்தை வாங்கி, பறக்கும் கழகத்தில் பங்கு போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. குறைந்த செலவில் அவர்கள் எதை வாங்குவது? கடையில் கருவிகள் பல இருந்தாலும் அவை செய்யும் வேலை மூன்றுதான். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதலாவது, "இதோ நான்!" என்று பறக்கும்போதே சொல்வது. ஏ.டி.எஸ்.-பி. என்ற முறையில் விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் ஏறத்தாழ நொடிக்கு இருமுறை வானொலி அலையில் அறிவிக்கிறது. அமெரிக்காவில் நெரிசலான வான்வெளிகளில் 2020 சனவரி 1 முதல் இது கட்டாயம். அதற்கு முன்பே, 2016-இல், சிறு விமானக்காரர்களுக்கு அரசாங்கம் 500 டாலர் கைகொடுத்தது. வால் விளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் விளக்கும் ஒலிபரப்பியும் சேர்ந்த ஒரு சிறு கருவியை மாட்டும் வசதியும் வந்தது. விலை ஏறத்தாழ 2,000 டாலர். இதன் குறை ஒன்று: மலை மறைத்தாலோ, மிகவும் தாழப் பறந்தாலோ தரையில் இருக்கும் வாங்கிக்கு அலை எட்டாது.

இரண்டாவது, தடம் விட்டுப் போவது. காட்டுக்குள் நுழைகிறவர் கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டே போவதில்லையா? அதுபோலக் கையடக்கமான ஒரு கருவி சில நிமிடங்களுக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர் அதைக் கைப்பேசியில் பார்க்கலாம். சில நூறு டாலருக்குக் கிடைக்கும். ஆனால் மாதச் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்றால் கருவி ஊமை.

மூன்றாவது, விழுந்த பின் கூவுவது. மோதிய அதிர்ச்சியிலேயே தானாக இயங்கும் அபாய ஒலிபரப்பி இது. 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் காட்டில் விழுந்தது. காணாமற்போன வேறொரு விமானத்தைத் தேடிப் போனவர்களே அதில் இருந்தவர்கள்! அதன் அபாயக் குரலைக் கேட்டது, அவ்வாண்டு சூன் மாதம் சோவியத் நாடு ஏவிய செயற்கைக்கோள். மூவரும் உயிரோடு மீட்கப்பட்டனர். பகை நாடுகள் என்று பேசப்பட்ட அமெரிக்காவும் சோவியத்தும், கனடா, பிரான்சுடன் சேர்ந்து அமைத்த காஸ்பாஸ்-சார்சாட் என்னும் திட்டம் காப்பாற்றிய முதல் உயிர்கள் அவை.

இங்கேதான் மலிவு பார்ப்பவர்கள் ஏமாறக்கூடாது. பழைய ஒலிபரப்பிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலையில் கூவின. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலையைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இன்று 406 மெகாஹெர்ட்ஸ் அலையைத்தான் கேட்கின்றன. பழையதைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டினால், அது கூவும். ஆனால் மேலே கேட்பதற்குக் காது இல்லை. புதியது ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணைச் சொந்தக்காரரின் பெயரோடும் தொலைபேசியோடும் பதிவு செய்து வைத்தால், குரல் கேட்டவுடன் யாரைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிடும். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். உள்ளே இருந்தால், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பதிலாக நூறு மீட்டர் அளவுக்குத் தேடும் இடம் சுருங்கும்.

அதற்கும் எல்லை உண்டு. வானொலி அலை கடல் நீருக்குள் இருந்து மேலே வராது. வங்கக் கடலில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2015 சூன் 8-ஆம் நாள் தமிழகக் கரையோரம் மூவருடன் காணாமற்போன இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானத்தில், நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி இருந்தது. ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஒலியைக் கேட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் விமானம் கண்டெடுக்கப்பட்டது. 2016 சூலை 22-ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் பறந்த விமானப்படையின் ஏ.என். 32 விமானம் மறைந்தபோது, தேடியவர்களுக்கு எந்தக் குரலும் எட்டவில்லை. 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி 2024 சனவரியில்தான் வந்தது. ஏழரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆகவே கையில் கொஞ்சப் பணம்தான் இருக்கிறது என்றால், முதலில் 406 அபாய ஒலிபரப்பியை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து, தடம் விடும் சிறு கருவி. அதன் பிறகு வசதி வரும்போது ஏ.டி.எஸ்.-பி. இதுவே நான் சொல்லும் வரிசை. எந்த வான்வெளியில் எது கட்டாயம் என்று அந்த நாட்டின் வான்துறை சொல்கிறதோ, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். பேட்டரியின் காலக்கெடுவையும் மறக்கக்கூடாது.

"விமானம் வாங்கப் போகிறோமா, நமக்கு எதற்கு இந்தக் கதை?" என்று கேட்கலாம். சிறு விமானம் விழுந்தால், பெரும்பாலும் காட்டிலோ கடலிலோ தோட்டத்திலோதான் விழும். 2024 பிப்ரவரி 13-ஆம் நாள் சிலாங்கூர் காப்பாரில் ஒரு சிறு விமானம் செம்பனைத் தோட்டத்தில்தான் விழுந்து இருவர் மாண்டனர். அப்படி ஒன்று நேர்ந்தால் முதலில் பார்ப்பது தோட்டத்து மக்களே. உடனே 999-க்குச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது பிளாக் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிதறிய பொருளைத் தொடாதீர்கள். மலையேறப் போகும் பிள்ளைகளுக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதே 406 அலையில் பேசும் கைக்கருவி உண்டு. ஆனால் அதை மனிதக் கைதான் இயக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. காசு இல்லாத கருவியும் இருக்கிறது. எங்கே போகிறோம், எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் அது. "சொல்லிட்டுப் போடா" என்று நம் தாய்மார்கள் வாசற்படியில் நின்று சொல்லும் சொல்லையே, விமானிகள் பயணத் திட்டம் என்ற பெயரில் எழுதிக் கொடுக்கிறார்கள். கருவி கூவலாம், ஆனால் நேரம் தவறியதும் "இன்னும் வரவில்லையே" என்று பதறித் தேடத் தொடங்க ஒரு மனம் வேண்டும்.