யாருக்கு அவசரம்?

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வரிசையாக வந்து இறங்கும். பங்குனி, சித்திரையில் மல்லாட்டையின் (நிலக்கடலையின்) முறை. இதே மாவட்டத்தின் திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உறவு பழையது. 1940இல் வெளியாகி, தமிழ்நாட்டைத் தாண்டியும் பரவிய டி.எம்.வி. 2 ரகத்தின் பெயரில் இருக்கும் மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன.

வரத்து கூடிய நாளில் கேட்கும் பேச்சு ஒன்றே: "சரக்கு ரொம்ப வந்துடுச்சு, விலை இறங்கிப்போச்சு."

இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விற்ற ஒவ்வொரு மூட்டையையும் யாரோ ஒருவர் வாங்கித்தான் இருக்கிறார். நூறு மூட்டை விற்றால் வாங்கியதும் நூறுதான். அப்படியிருக்க, விற்பவர் பக்கம் அழுத்தம் அதிகம் என்று எதை வைத்துச் சொல்வது? அளவை வைத்துச் சொல்ல முடியாது. யாருக்கு அவசரம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

விற்பனைக்கூடத்தில் நடப்பது மறைமுக ஏலம். மூட்டைகளுக்கு லாட் எண் போடுவார்கள். வியாபாரிகள் சரக்கைக் கையில் அள்ளி, ஈரமும் தரமும் பார்த்து, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுப்பார்கள். அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. விலை கட்டுப்படியாகாவிட்டால் மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் வண்டி வாடகை கொடுத்து வந்தவர், அறுப்புக் கூலி பாக்கி வைத்திருப்பவர், அந்த உரிமையை எத்தனை முறை பயன்படுத்த முடியும்? வியாபாரியோ நாளைக்கும் வாங்கலாம். காத்திருக்க முடிகிறவர் குறைத்துக் கேட்கிறார். முடியாதவர் இறங்கி வருகிறார்.

பங்குச்சந்தைத் திரையிலும் இதே கதைதான், வேகம் மட்டும் வேறு. 1994இல் தேசிய பங்குச்சந்தை கணினித் திரை வணிகத்தைக் கொண்டுவந்த பிறகு, இந்த இழுபறியைத் திண்டிவனத்தில் உட்கார்ந்தும் பார்க்கலாம் என்றானது. ஒரு பங்கை 100 ரூபாய் 10 காசுக்கு விற்க 500 பங்குகளும், 20 காசுக்கு விற்க 300 பங்குகளும் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கிடைக்கிற விலைக்கே 700 பங்கு வேண்டும் என்று மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். முதல் 500 தீர்ந்து, மீதி 200 அடுத்த விலையில் கிடைக்கிறது. விலை ஏறிவிட்டது. விலையைத் தள்ளியது, பொறுக்க மாட்டாமல் வந்து வாங்கியவரின் அவசரம்.

சில நேரம் வாங்கிக்கொண்டே இருப்பார்கள், விலை அசையாது. அந்த விலையில் யாரோ ஒருவர் தீரத் தீரச் சரக்கு வைத்துக்கொண்டே இருக்கிறார் என்று அதற்குப் பொருள். புதிதாக வருபவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். திரையில் 'வாங்க' என்ற பக்கத்தில் பெரிய எண் நிற்பதைக் கண்டு விலை ஏறும் என்று நம்பிவிடுகிறார்கள். காத்திருக்கும் ஆர்டரை எந்த நொடியும் ரத்து செய்யலாம். ஏலக் கொட்டகையில் இறக்கிய மூட்டையை அப்படி மறைக்க முடியாது.

ஆர்டரை ரத்து செய்யும் அந்த வசதியை ஏமாற்றுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2010 மே 6 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1,000 புள்ளி சரிந்து, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி மீண்டது. லண்டனில் வீட்டிலிருந்தபடி வணிகம் செய்த நவிந்தர் சிங் சராவ், நிறைவேற்றும் எண்ணமே இல்லாத பெரிய விற்பனை ஆர்டர்களைப் போட்டு ரத்து செய்ததாக 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தச் சரிவுக்கு அவர் மட்டுமே காரணமா என்ற விவாதம் தீரவில்லை. இல்லாத சரக்கைக் காட்டியும் விற்பனை அழுத்தம் இருப்பதுபோல் நம்ப வைக்கலாம் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

விழுப்புரத்து விவசாயியின் அவசரம் பொய்யல்ல. அதைக் குறைக்க வழியும் இருக்கிறது. விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். 180 நாள் வரை காத்திருக்கலாம். 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தை, வெளியூர் வியாபாரியும் விலை கேட்க வழி செய்தது. கடன் விற்பவருக்குப் பொறுமை தருகிறது. இ-நாம் வாங்குபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தையில் கிடங்கில் ஏற்றிய நெல்லுக்கு ஆடி வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் களத்து வரத்து வற்றி, வியாபாரிகள் சரக்கைத் தேடத் தொடங்கியிருப்பார்கள்.