கேம்ரியைவிடக் கம்மி விலைக்கு போர்ஷே... ஆனா இன்ஜின் தாங்குமா? உரிமையாளர்களைத் தூங்கவிடாத ‘ஐ.எம்.எஸ் பேரிங்’ விவகாரம்

அமெரிக்காவில் ஒரு புதிய டொயோட்டா கேம்ரி வாங்கும் பணத்தில், இருபது வருடம் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கிவிட்டு, கையில் மீதியும் வைத்துக்கொள்ளலாம். ரெண்டு சீட், மடக்கும் கூரை, ஆறு சிலிண்டர் இன்ஜின், பானெட்டில் போர்ஷே முத்திரை. அப்புறம் ஏன் இவ்வளவு மலிவு?

வாங்கியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஐ.எம்.எஸ் பேரிங். கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்ன உதிரிபாகம். அது போனால் இன்ஜினே போய்விடும் என்ற பயம், இந்த கார்களின் விலையையே பல வருடங்களாக இறக்கி வைத்திருக்கிறது. அந்த பயத்தில் எவ்வளவு நியாயம்? பார்க்கலாம்.

எந்தெந்த கார்கள்?

1990களின் தொடக்கத்தில் போர்ஷே பெரும் நஷ்டத்தில் இருந்தது. செலவைக் குறைக்க, பாக்ஸ்டர், புதிய 911 இரண்டையும் பல பாகங்கள் பொதுவாக இருக்கும்படி சேர்த்தே உருவாக்கினார்கள். 1996-ல் பாக்ஸ்டர் வந்தது. அடுத்த வருடம் ‘996’ என்ற குறியீட்டுப் பெயர் கொண்ட 911 வந்தது. 1960களில் இருந்து காற்றால் குளிர்விக்கப்பட்ட 911 இன்ஜின், அதோடு தண்ணீர் குளிர்விப்புக்கு மாறியது. இந்தப் புது இன்ஜின் குடும்பத்துக்குப் பெயர் எம்96. பிரச்சினை இதில்தான்.

அதே காலத்து 911 டர்போ, ஜிடி3, ஜிடி2 கார்களில் இருப்பது வேறு இன்ஜின். அவற்றில் இந்தக் கவலை இல்லை. விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

அந்த பேரிங் என்ன செய்கிறது?

கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது, செயின் மூலம் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற இன்னொரு தண்டைச் சுற்றுகிறது. அந்தத் தண்டில் இருந்து போகும் செயின்கள்தான் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்களை இயக்குகின்றன. இந்த நடுத் தண்டின் ஒரு முனையைத் தாங்கி நிற்பதுதான் ஐ.எம்.எஸ் பேரிங்.

பேரிங்குக்குள் கிரீஸ் வைத்து, ரெண்டு பக்கமும் சீல் போட்டிருப்பார்கள். வருடங்கள் போகப் போக சீல் இறுகி, இன்ஜின் ஆயில் உள்ளே கசியும். கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். உள்ளே போன ஆயிலும் சரியாகச் சுழலாமல் அங்கேயே தங்கி அழுக்காகும். குண்டுகள் தேய்ந்து, தண்டு ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் செயின் டைமிங் தப்பும். திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். கதை முடிஞ்சுது.

இதில் கொடுமை என்னவென்றால், பல கார்களில் முன்கூட்டி எந்த அறிகுறியும் இருக்காது. காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் டோ வண்டியில் வீடு வரும். இன்ஜினை மாற்றும் செலவு, பல நேரம் காரின் விலையையே தாண்டிவிடும்.

எல்லா காரிலும் இப்படியா?

இல்லை. தொடக்க கால கார்களில் இருந்தது குண்டுகள் ரெண்டு வரிசையாக உள்ள பேரிங். அது அதிகம் கெடவில்லை. 2000 வாக்கில் ஒற்றை வரிசை பேரிங்குக்கு மாறினார்கள். அதிகம் உடைந்தது இதுதான். 2000, 2001 வருட கார்களில் எது இருக்கிறது என்பதை கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்கு போட்டார்கள். 2013-ல் அது சமரசத்தில் முடிந்தது. ஆனால் கார் முதலில் விற்கப்பட்டு 10 வருடத்துக்குள் பேரிங் போயிருந்தால்தான் இழப்பீடு. இன்று வாங்குபவருக்கு அதில் எதுவும் கிடைக்காது.

அந்த வழக்கில் பேசப்பட்ட கணக்குப்படி, ஒற்றை வரிசை பேரிங் உள்ள கார்களில் உடைந்தவை அதிகபட்சம் 10 சதவீதம் வரைதான். அதாவது நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனா அந்தப் பத்தில் நாம இருந்தா? வாய்ப்பு சின்னது, நஷ்டம் பெரிது. இந்த மாதிரிக் கணக்குதான் மனுஷனைத் தூங்கவிடாது.

2006 முதல் 2008 வரையிலான கார்களில் பெரிய பேரிங் வந்தது. அது உடைவது அரிது. ஆனால் இன்ஜினையே ரெண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009-ல் வந்த புதிய இன்ஜினில் இந்தத் தண்டே கிடையாது.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

‘ஐ.எம்.எஸ் மாற்றியாச்சு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பில்லைக் கேளுங்கள். எப்போது மாற்றினார்கள், அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்த பேரிங் போட்டார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். மாற்று பேரிங்குகளில் சிலவற்றுக்கு ஆயுள் வரம்பும் உண்டு. பத்து வருடத்துக்கு முன் மாற்றியதை இன்றைக்கும் புதுசு என்று நம்ப முடியாது.

அடுத்தது ஆயில் ஃபில்டர். அதைப் பிரித்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான இரும்புத் துகள் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்குகள் என்றால் பெரும்பாலும் செயின் கைடு தேய்மானம். அதுவும் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் உடனே பதற வேண்டாம். ஆயில் சேம்பரைக் கழற்றி அடியில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இரும்புத் துகள் வந்த பிறகு பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அதற்குள் துகள் ஆயிலோடு இன்ஜின் முழுக்கச் சுற்றியிருக்கும்.

இன்னொரு விஷயம், சிலிண்டர் சுவரில் விழும் கீறல். பேரிங்கைப் பற்றியே பேசிப் பேசி இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3.4, 3.6 லிட்டர் போன்ற பெரிய இன்ஜின்களில் இது அதிகம். ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி படிவது, ஆயில் சீக்கிரம் குறைவது, இன்ஜினில் ‘டக் டக்’ சத்தம் ஆகியவை அடையாளங்கள். சிலிண்டருக்குள் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். என்னைக் கேட்டால், பேரிங்கைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படணும். பேரிங்கை மாற்றிவிடலாம், கீறல் விழுந்தால் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, இப்போ என்ன?

பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இந்தக் கூலிதான். அதனால் கிளட்ச் பிளேட் மாற்றும் நேரம் வரும்போது பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதுதான் பலரும் செய்வது. அதுவரை, புத்தகத்தில் போட்டிருக்கும் நீண்ட இடைவெளிக்குக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறையாவது ஆயில் மாற்றி, ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பயந்துபோய் காரை ஷெட்டில் மூடி வைக்கிறவர்கள் நிறைய பேர். வாரக்கடைசியில் மட்டும் கடைவீதி வரை எடுத்துவிட்டு, மறுபடி துணி போட்டு மூடிவிடுவார்கள். இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள் பலர் சொல்வது அதற்கு நேர் எதிர்: ஓடாமல் நிற்கிற, ஆயில் மாற்றாத வண்டியில்தான் பேரிங் சீக்கிரம் போகிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டினால்தான் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகும். அப்படி வாரா வாரம் ஓடி, ஒரு லட்சம் மைலைத் தாண்டியும் முதல் பேரிங்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பாக்ஸ்டர்கள் இன்றும் உண்டு.