பதற்றத்தால் காலியாகும் கடைகள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் இரவு, அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முகைதீன் யாசின் தொலைக்காட்சி வழியே நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தார். கோவிட்-19 தொற்றைத் தடுக்கும் பொருட்டு, மார்ச் 18 முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வரும் என்றார். பேரங்காடிகளும் சந்தைகளும் மளிகைக் கடைகளும் திறந்தே இருக்கும் என்பதும் அதே அறிவிப்பில் இடம்பெற்றிருந்தது. ஆயினும் மக்கள் கடைகளை நோக்கி விரைந்தனர். அரிசியும் மீயும் ரொட்டியும் வைக்கப்பட்டிருந்த அலமாரிகள் வெறுமையாயின. அதற்கு முந்திய மாதம் 7-ஆம் நாள் சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தப்பட்டபோதும் இதே காட்சியே காணப்பட்டது.

கடைகள் மூடப்படமாட்டா என்று அறிந்திருந்தும் மக்கள் ஏன் இவ்வாறு நடந்துகொண்டனர்? இதனைப் பேராசை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது முறையாகாது.

முதற் காரணம், செயலற்று நிற்கும் உணர்வாகும். கண்ணுக்குப் புலப்படாத கிருமியை எதிர்த்துச் சாதாரண மனிதன் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆனால் ஒரு மூட்டை அரிசியை வாங்கி வீட்டில் வைப்பது அவன் கையில் உள்ள செயல். அது வயிற்றுக்கு உணவாகும் முன்னரே மனத்துக்கு ஆறுதலாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், பிறரைப் பார்த்துச் செய்வதாகும். அண்டை வீட்டார் இரண்டு மூட்டை தூக்கிச் செல்வதைக் காண்பவர், 'இவருக்கு ஏதோ செய்தி எட்டியிருக்கிறது' என்று எண்ணுகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? காலியான அலமாரியின் படம் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்ததும் அச்சம் இருமடங்காகிறது. கழிவறைக் காகிதம் போன்ற பருமனான பொருள்கள் சில கட்டுகள் விற்றாலே பெரும் வெற்றிடம் தோன்றும். பார்ப்பவருக்கு அதுவே பஞ்சமாகத் தெரிகிறது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையை நம்பி 100 குடும்பங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி தேவை. ஆகவே கடைக்காரர் வாரத்துக்கு 25 மூட்டைகள் தருவிக்கிறார். ஒருநாள் 12 குடும்பங்கள் மட்டும் பதற்றமுற்று ஆளுக்கு இரண்டு மூட்டைகள் வாங்கினால், எஞ்சுவது ஒரே மூட்டை. நாட்டின் அரிசி ஒரு மணிகூடக் குறையவில்லை. ஆனால் அந்த வாரம் பின்னால் வருபவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு அரிசி இல்லை. பொய்யான நம்பிக்கை, மக்களின் செயலாலேயே மெய்யாகிவிடுகிறது. வதந்தியால் பணத்தை மீட்க ஓடும் மக்கள் நல்ல வங்கியையும் நொடிக்கச் செய்வதை எடுத்துக்காட்டி, அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1948-ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையை விளக்கினார்.

இதனால் துன்புறுவோர் யார் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் வழங்கப்பட வேண்டும். மார்ச் 16 என்பது மாதத்தின் நடுப்பகுதி. சேமிப்பு உள்ளவர் அன்றே வண்டி நிறைய வாங்க முடிந்தது. சம்பள நாளை எதிர்பார்த்து அளந்து வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கும், கடைக்கு நடந்து செல்ல இயலாத முதியோருக்கும் அது இயலாத காரியம். ஆகவே தேவைக்கு மிஞ்சி வாங்கும் ஒவ்வொரு மூட்டையும், கைப்பணம் குறைந்த இன்னொருவரின் உலைக்குரியதாகும்.

முன்னேற்பாடு வேறு, பதுக்கல் வேறு. நல்ல நாளில் வாரந்தோறும் சிறிது கூடுதலாக வாங்கி, இரண்டு வாரத் தேவையை இருப்பில் வைத்துக்கொள்வது முன்னேற்பாடு. நெருக்கடி நாளில் எல்லாவற்றையும் ஒருங்கே அள்ளுவது பதுக்கல். கடைக்காரர் ஆளுக்கு இவ்வளவு என வரம்பு விதித்தால் அதனைக் குறையாகக் கருதவேண்டாம். மற்றவர் அனைத்தையும் அள்ளிவிடமாட்டார் என்ற உறுதியை அது நமக்குத் தருகிறது. உறுதிப்படாத செய்தியையும் வெற்று அலமாரிப் படத்தையும் பிறருக்கு அனுப்பாதிருப்போம்.

மீண்டும் ஒரு நோய்க்காலம் வந்தால், கடை வாசலில் நின்று நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இது என் வீட்டுத் தேவையா, என் அச்சத்தின் தேவையா? அவ்விடை தெளிந்தால், வரிசையின் கடைசியில் நிற்பவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரியும்.