ராணுவக் கல்வி: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்து என்ன?

எஸ்.பி.எம். முடித்து யு.பி.என்.எம்.முக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு இடம் கிடைக்காதபோது, "நமக்கெல்லாம் அங்கே கொடுக்க மாட்டார்கள்" என்ற பேச்சு வீட்டில் எழுவது வழக்கம். அந்தப் பேச்சோடு முயற்சியும் நின்றுவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை எந்தக் கட்டத்தில் நின்றுபோனார்?

1995-இல் தொடங்கப்பட்ட மலேசிய ராணுவக் கழகம்தான் 2006-இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமாக, அதாவது யு.பி.என்.எம். ஆக உயர்ந்தது. கோலாலம்பூர், சுங்கை பீசி முகாமில் இயங்கும் அங்கு, பயிற்சி அதிகாரியாகச் சேரத் தேர்வு முடிவு மட்டும் போதாது. உடல் தகுதி, மருத்துவப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றையும் கடக்க வேண்டும்.

ஓட்டத்தில் பின்தங்கியவர் தினமும் திடலில் ஓடிப் பழகினால் சில மாதங்களில் முன்னேறலாம். உடல் எடையையும் சரிசெய்யலாம். நேர்முகத் தேர்வில் தடுமாறியவர் தேசிய மொழியில் தயங்காமல் பேசப் பழக வேண்டும்; நாட்டு நடப்பு தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் சீருடை இயக்கத்தில் பொறுப்பு வகித்த அனுபவம் இங்கே கைகொடுக்கும். நிறக்குருடு போன்ற குறைகளைப் பயிற்சியால் மாற்ற முடியாது. ஆகவே, கண் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொண்டால் வீண் அலைச்சல் மிஞ்சும்.

அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தருக்கும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகம் எளிதில் கிடைக்கவில்லை. அதிபரின் நியமனத்துக்கு இரு முறை முயன்றும் பலனில்லை. மருத்துவப் பரிசோதனையிலும் முதுகெலும்பு வளைவு தடையானது. அதற்குச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் எடுத்துக்கொண்டே படித்தார். பிறகு, தமது வட்டார மக்களவை உறுப்பினர் நடத்திய போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, 1899-இல் கழகத்தில் நுழைந்தார். 1903-இல் வகுப்பில் முதல்வராக வெளியேறினார். ஒவ்வொரு தடைக்கும் அவர் தேடியது வெவ்வேறு தீர்வு.

நம் நாட்டிலும் அதிகாரியாவதற்கு யு.பி.என்.எம். ஒன்றே வழியன்று. பட்டதாரிகள் பயிற்சி அதிகாரிகளாக விண்ணப்பிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பலாபெஸ் எனும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே வாத்தானியா படையிலும் சேரலாம்.

நம்மவருக்கு இடமில்லை என்போருக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1967-இல் மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 31.

நிராகரிக்கப்பட்டவர்கள் இந்த வாரமே இரண்டு வேலைகளைச் செய்யலாம். எந்தக் கட்டத்தில் நின்றோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் வயது வரம்பைப் பாருங்கள். வயது இடம் கொடுக்கும்வரை விண்ணப்பத்தை நிறுத்த வேண்டியதில்லை.